சேர்த்து எடுத்தது

9.6.2025
குஜிலியம்பாறை

அக்கா புவனேஸ்வரிக்கு,

முத்துப்பேச்சி எழுதுகிறேன். உன் பழைய நம்பருக்குப் பத்துத் தடவை அடித்துப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு நம்பரே இல்லை என்கிறது. சிறுமலையிலிருந்து வாழைத்தார் கொண்டுவரும் கண்ணுசாமி அண்ணனிடம் என் வீட்டுக்காரர் விசாரித்ததில், நீ அங்கே ஒரு எஸ்டேட்டில் சமையல் வேலையில் இருக்கிறாய் என்று சொல்லி விலாசம் கொடுத்தார். அம்மாவின் கருமாதிக்கு வந்து போனவள். ஒன்பது வருடமாகிறது. என்ன கோபம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதைக் கேட்க எழுதவில்லை. நான் படுக்கையில் கிடக்கிறேன். போன மாதம் இருபதாம் தேதி காலையில் தொட்டியில் தண்ணீர் மொண்டு குடத்தை இடுப்புக்குத் தூக்கினேன். முதுகுக்குள் காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். விழவில்லை, வழுக்கவில்லை. தினமும் தூக்குகிற குடம்தான். அப்படியே உட்கார்ந்தவளை இவரும் பக்கத்துக் காட்டுக்காரர்களும் கட்டிலோடு தூக்கி வேனில் போட்டுத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள்.

முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கிவிட்டதாம். மதுரைக்கு அனுப்பி எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. "ஒங்களுக்கு நாப்பத்தெட்டு வயசுதானம்மா? இது எழுபது வயசு எலும்பு மாதிரி இருக்கே" என்றது. எலும்புப்புரையாம். உள்ளே உளுத்துக் கிடக்கிறதாம்.

பிறகு, "மாதவிலக்கு எப்ப நின்னுச்சு?" என்று கேட்டது. முப்பது வயதில் கர்ப்பப்பை எடுத்தார்கள், அதோடு சரி என்றேன். "சினைப்பையையும் எடுத்துட்டாங்களா?" எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை அக்கா. அது இருந்தால் கர்ப்பப்பை போன பிறகும் எலும்பைக் காக்குமாம். வயிற்று ஸ்கேனில் தெளிவாகத் தெரியவில்லை, சுருங்கியும் போயிருக்கலாம், ஆப்பரேஷன் காகிதம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றது.

அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை. நீ அங்கே ஆயாவாக வேலை பார்த்தவள். என்னைக் கூட்டிப் போனவளும் நீதான். உனக்குத் தெரிந்திருக்கும். ஒரு வரி எழுதிப் போடு. எடுத்தார்களா, இல்லையா?

கால்மணி நேரத்துக்கு மேல் சாய்ந்திருக்க முடியவில்லை. நாலு தடவையாக இதை எழுதினேன்.

உன் தங்கச்சி
முத்துப்பேச்சி


20.6.2025
சிறுமலை

அன்புத் தங்கச்சி பேச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்ததிலிருந்து கை வேலையில் ஓடவில்லை. உன்னைப் படுக்கையில் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்த எஸ்டேட் முதலாளியின் தாயாருக்கும் எலும்புத் தேய்வு. அவருக்குச் சமைப்பது நான்தான். டவுன் டாக்டர் எழுதிக் கொடுத்த பட்டியல் அடுப்படியில் ஒட்டியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன், தவறாமல் செய். காலையில் கேப்பைக் கூழ், மோர் விட்டு. முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள். எள்ளை வறுத்துக் கருப்பட்டி போட்டு இடித்து ஒரு உருண்டை. நெத்திலிக் கருவாடு கிடைத்தால் முள்ளை எடுக்காமல் மென்று தின்ன வேண்டும். தினம் ஒரு முட்டை, இரண்டு டம்ளர் பால். சோறு சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே. பதினோரு மணி வெயிலில் முதுகும் கையும் படும்படி கால்மணி நேரம் கட்டிலை வெளியே போடச் சொல். குனிந்து எதையும் எடுக்காதே. மச்சானை வாசலில் வழுக்குகிற கல்லைப் பெயர்த்துவிடச் சொல்.

நீ கேட்ட ஆஸ்பத்திரி விவரம் எனக்குச் சரியாக நினைவில்லை. அது பதினெட்டு வருடத்துப் பேச்சு. காகிதமெல்லாம் எங்கே போனதோ.

கோபம் எதுவும் இல்லை பேச்சி. வேலை அப்படி. இங்கே டவர் கிடைக்காது, அதனால் போன் வைத்துக்கொள்ளவில்லை.

அக்கா
புவனேஸ்வரி


1.7.2025
குஜிலியம்பாறை

அக்காவுக்கு,

கேப்பையும் எள்ளும் எழுதியிருக்கிறாய். இந்தக் காட்டில் கேப்பை விதைத்து, அறுத்து, அடித்துப் புடைத்தவள் நான். பால்குடி மறந்ததிலிருந்து களி தின்றவள். வெயிலைத் தவிர இந்த முதுகு என்ன கண்டது? அப்புறம் எப்படி என் எலும்பு மட்டும் உளுத்தது? நான் ஒன்று கேட்டேன். நீ அதைத் தவிர எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய்.

நீ சொன்னதைச் செய்யாமல் இல்லை. டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னது. சத்தும் வேண்டும், மருந்தும் வேண்டும், போன எலும்பைச் சாப்பாடு மட்டும் கொண்டுவராது என்றது. இவர்தான் கூழ் காய்ச்சுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டு அரைமணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும், சாய்ந்தால் தொண்டைக்குழாயைப் புண்ணாக்கிவிடுமாம். ஒடிந்த முதுகை வைத்துக்கொண்டு எப்படி நிமிர்வேன்? இவர் கட்டிலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். இடுப்பில் பெல்டைக் கட்டிக்கொண்டு நான் அவர் முதுகில் என் முதுகை ஒட்டி உட்காருவேன். அரைமணி நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுவேன். அவர் திரும்பிப் பார்க்க முடியாது. "முடிஞ்சிருச்சு, இந்தா முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

இன்னொரு செய்தி. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் மகள் அறிவுச்செல்வியைச் சித்தையன்கோட்டையில் கட்டிக் கொடுத்தது உனக்குத் தெரியும். இருபத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். ஆறேழு மாதமாக அவளுக்கு உதிரம் நிற்காமல் போகிறது. ஏதோ ஒரு கிளினிக்கில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆடியில் வேண்டாம் என்று மாமியார் தள்ளி வைத்திருக்கிறது. ஆவணி இரண்டு, திங்கட்கிழமை. ஆகஸ்ட் பதினெட்டு.

வேண்டாம் என்று போனில் சொன்னேன். "நீ எடுத்தப்ப ஒனக்கு முப்பது. அதுக்கப்புறம் ஆம்பள கணக்காத் தோட்டத்துல பாடுபட்டயேம்மா. கொடம் தூக்கித்தான ஒடிஞ்சுச்சு, அதுக்கும் இதுக்கும் என்ன?" என்கிறாள். என் உடம்பில் எதை எடுத்தார்கள் என்று எனக்கே தெரியாதே.

அக்கா, உனக்குத் தெரியும். நினைவில்லை என்று எழுதிய உன் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

முத்துப்பேச்சி


12.7.2025
சிறுமலை

பேச்சி,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபால்காரரிடம் கொடுத்துவிட வேண்டும்.

எடுத்தார்கள். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்கள். அன்றைக்குத் தியேட்டரில் தட்டு ஏந்தி நின்றது நான். நர்ஸம்மா மெதுவாக, "சார், ஓவரி ரெண்டும் நல்லாத்தானே இருக்கு" என்றது. பெரிய டாக்டர், "இருந்தா நாளைக்குக் கட்டி வரும், மறுபடி எவன் அறுக்கிறது" என்று சொல்லித் தட்டில் போட்டார். அது என்னவென்று அப்போது எனக்கும் தெரியாது. நல்லாத்தானே இருக்கு என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. பேசாமல் தட்டை வெளியே கொண்டுபோனேன்.

உனக்கு இருந்தது வெள்ளைப்படுதலும் இடுப்பு வலியும். மாத்திரையில் தீர்ந்திருக்கும் என்று பின்னால் அதே நர்ஸம்மா சொல்லிக் கேட்டேன். "விட்டா புத்துநோயாயிரும் தங்கச்சி" என்று உன்னிடம் சொன்னேனே, டாக்டர் சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னேன். என் வீட்டுக்காரர் விட்டுப்போன பிறகு அந்த ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். ஆள் கூட்டி வராத ஆயாவுக்கு அங்கே அறை கிடையாது. வேலையும் கிடையாது. உன்னோடு சேர்த்து நம் ஊரிலிருந்து ஏழு பேரைக் கூட்டிப் போனேன். ஏழு பேருக்கும் அப்படித்தான்.

ஆப்பரேஷன் முடிந்த மறு வருடம் நீ வந்து, உடம்பெல்லாம் காந்துகிறது, ராத்திரி சேலை நனைய வியர்க்கிறது, பிள்ளையை அடித்துவிடுகிறேன், காற்றுக் கருப்பாக இருக்குமோ என்று அழுதாய். சினைப்பை போனால் அப்படித்தான் இருக்கும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. கோயிலில் கயிறு கட்டச் சொல்லி அனுப்பினேன். அதன் பிறகு உன் முகத்தைப் பார்க்க என்னால் ஆகவில்லை. அம்மா இருந்தவரை அவளுக்காக வந்து போனேன், அவள் போனதும் வருவதையே நிறுத்திவிட்டேன். ஒன்பது வருடக் கோபம் என்று நீ நினைத்தது இதுதான்.

நீ கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த ஆப்பரேஷன் நடக்கவில்லை. எனக்கு ஐம்பத்தொன்றில் தானாக நின்றது.

புவனேஸ்வரி


19.7.2025

என்னைவிட உனக்கு இருபத்தொரு வருடம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார் கடவுள் என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறாய்.

நம்மைப் பெற்றவள் ஒருத்தி. நீ தட்டு ஏந்தி நின்றாய்.

உன் மச்சான் என்னை எத்தனை வருடம் சகித்தார் தெரியுமா? நான் கத்தாத நாள் இல்லை. பேய் பிடித்தவள் என்று இந்த ஊரே பேசியது. என் பிள்ளையை விறகால் அடித்திருக்கிறேன். அதெல்லாம் என் புத்தி என்று நினைத்தேன். என்னையே வெறுத்துக்கொண்டு கிடந்தேன்.

இனி எனக்கு எழுதாதே.


7.8.2025
குஜிலியம்பாறை

எழுதாதே என்று சொன்னவள்தான் எழுதுகிறேன். வேறு யாரும் இல்லை.

முந்தாநாள் வீரசின்னு செத்துப்போனாள். சுருளிவேல் சம்சாரம். நீ கூட்டிப் போன ஏழு பேரில் ஒருத்தி. பாத்ரூமில் லேசாக வழுக்கி உட்கார்ந்தாள், தொடை எலும்பு இடுப்போடு முறிந்துபோனது. ஆப்பரேஷன் பண்ண வேண்டும் என்று டவுனில் சொன்னதற்குப் பயந்து, நாட்டுக்கட்டுப் போட்டு வீட்டில் கிடத்தினார்கள். படுக்கைப் புண் வந்து, நெஞ்சில் சளி கட்டி, நாற்பது நாளில் போய்விட்டாள். ஐம்பத்திரண்டு வயது. என்னால் எழுந்து போய்ப் பார்க்க முடியவில்லை. சாவு மேளத் தப்புச் சத்தம் காட்டைத் தாண்டிப் போகிறவரை படுத்தே கேட்டேன்.

எனக்கும் போன வாரம் இன்னொரு கண்ணி நசுங்கிவிட்டது. ஒன்றும் தூக்கவில்லை. இருமினேன், அவ்வளவுதான். டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தி, வருடத்துக்கு ஒரு தடவை ஊசி போடலாம் என்று எழுதியிருக்கிறது. இவர் என்னை அளந்து பார்த்தார். மூன்று விரற்கடை குட்டையாகிவிட்டேன்.

அறிவு கேட்கமாட்டேன் என்கிறாள். நீ எழுதியதை எல்லாம் போனில் சொன்னேன். "என்னைய நிப்பாட்டப் பெரியம்மா மேல பழி போடுற" என்கிறாள். பத்துப் பதினைந்து நாள் உதிரம் போகிற உடம்பு, வலி பொறுக்காமல் எடுத்தால் போதும் என்று நிற்கிறாள். மாப்பிள்ளையும் மாமியாரும் நாள் குறித்துவிட்டார்கள். இவர் போய்க் கெஞ்சிவிட்டு வந்தார். ஆம்பளைக்கு இதில் என்ன தெரியும் என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் எழுந்தால் தவழ்ந்தாவது போவேன். அவள் ஊருக்குப் போகிற ஆத்தூர் பஸ்ஸில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் என் முதுகு என்ன ஆகும் என்று தெரியாது. நீ போ. நீ செய்ததை நீயே உன் வாயால் அவளிடம் சொல். அவள் மாமியார் முன்னால் சொல். இதற்கு மேல் உன்னிடம் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். பதினெட்டாம் தேதிக்கு முன்னால் போ. இந்தக் கடிதம் உன் கையில் எப்போது கிடைக்குமோ, கண்ணுசாமி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முத்துப்பேச்சி


21.8.2025
சிறுமலை

பேச்சிக்கு,

அறிவு போனில் சொல்லியிருப்பாள். அவள் சொல்லாததையும் எழுதுகிறேன்.

உன் கடிதம் பதினான்காம் தேதிதான் என் கைக்கு வந்தது. மலையில் மழை, வாழைத்தார் வண்டி இரண்டு நாள் ஏறவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இறங்கினேன். சித்தையன்கோட்டைக்குப் போனபோது மதியம் ஒரு மணி. அறிவு கட்டிலில் படுத்திருந்தாள். உதடு வெளுத்து, கண்ணுக்குக் கீழே கருத்து, என்னைப் பார்த்து, "பெரியம்மாவா?" என்று எழுந்தவளுக்குத் தலைசுற்றிவிட்டது.

மாமியார் தண்ணீர் கொடுத்தது. வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "எங்க தெருவுல நாலு பேரு எடுத்திருக்காக. எல்லாரும் நல்லாத்தான இருக்காக?" என்றது.

"எடுத்து எம்புட்டு வருசமாச்சு?" என்றேன்.

"அஞ்சு இருக்கும்."

"அஞ்சு வருசத்துல என் தங்கச்சிக்கும் முதுகு ஒடியல. பதினெட்டு வருசங் கழிச்சுத்தான் ஒடிஞ்சுச்சு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அறை, வேலை, தட்டு, ஏழு பேர். மாப்பிள்ளை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமியார் நான் குடித்த தம்ளரை எடுத்து வெளியே வைத்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

அறிவு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்புறம் கேட்டாள். "இது எங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"நான்தான் எழுதுனேன்."

"அம்மா ஒங்கள மன்னிச்சிருச்சா?"

"இல்ல."

திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்ப நீங்க சொல்றது நெசந்தான்" என்றாள்.

மாமியார் விடவில்லை. "அப்ப இவ இப்பிடியே ஒழுகிச் சாகட்டுமா?" என்று கத்தியது. அது கேட்டதும் நியாயந்தான் பேச்சி. நான் அதன் காலைப் பிடித்தேன். எடுக்கவே வேண்டாம் என்று சொல்ல நான் டாக்டரில்லை, எடுப்பதற்கு முன்னால் இன்னொரு டாக்டர் பார்க்கட்டும், ஒரே ஒரு தடவை என்றேன். வாசலில் நின்ற மாப்பிள்ளை உள்ளே வந்து, "திங்கக்கெழம கிளினிக்குக்குப் போறதுக்குப் பதிலாத் திண்டுக்கல் போவோம்மா. ஒரு நாளுதான" என்றார்.

பதினெட்டாம் தேதி பெரியாஸ்பத்திரி வாசலில் நானும் போய் நின்றேன். என்னை உள்ளே வரவேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டது. சாயங்காலம் மாப்பிள்ளைதான் வந்து சொன்னார். இரத்தம் ஆறு புள்ளிதான் இருக்கிறதாம், முதலில் இரத்தம் ஏற்ற வேண்டுமாம். தைராய்டு ஏறியிருக்கிறது, உதிரப் போக்குக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்கிறார்களாம். மூன்று மாதம் மாத்திரையில் பார்க்கலாம். அதிலும் கேட்காமல் எடுக்கும்படி ஆனாலும் சினைப்பையைத் தொடத் தேவையில்லை என்று டாக்டர் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை அதை எடுத்துக் காட்டினார்.

மூன்று மாதம் கழித்து என்ன ஆகுமோ தெரியாது. பேருந்து நிலையத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். குஜிலியம்பாறை பஸ் இரண்டு எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போயின. ஏற தைரியம் இல்லை. ஒரு தடவை உன் காலடியில் வந்து விழ அனுமதி கொடு பேச்சி.

புவனேஸ்வரி


30.8.2025
குஜிலியம்பாறை

புவனேஸ்வரிக்கு,

அறிவுக்கு இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றிவிட்டார்கள். உதிரம் குறைந்திருக்கிறது, இன்னும் நிற்கவில்லை. பயந்துகொண்டுதான் போனை எடுக்கிறேன்.

எனக்கு ஊசி போட்டாகிவிட்டது. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். இந்த ஊசி இருக்கிற எலும்பைப் பிடித்து நிறுத்தும், நசுங்கியது நசுங்கியதுதான் என்றது டாக்டரம்மா. எழுந்து நடப்பேனா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றது. அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

ஏழு பேர் விஷயத்தையும் அதனிடம் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டது. உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோரையும் கூட்டி வாருங்கள், உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும், ஒடிவதற்கு முன்னால் பிடித்துவிட்டால் காப்பாற்றலாம் என்றது. ஜெய்தூன் பீவி அக்காவுக்கு இப்போதே முதுகு வளைந்துவிட்டது, தையல் மெஷினில் குனிந்து குனிந்து அப்படியானது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. மற்ற நாலு பேரும் இன்றைக்கும் களையெடுக்கிறார்கள், குடம் தூக்குகிறார்கள். ஒருத்திக்கும் தன் உடம்பில் எது இல்லை என்று தெரியாது. இவரை அனுப்பிச் சொல்லச் சொன்னேன். சிரிக்கிறார்களாம். படுத்துக் கிடக்கிறவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்களாம்.

காலில் விழுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். என் காலில் விழுந்து எனக்கு என்ன ஆகப் போகிறது? நான் குனிந்து உன்னைத் தூக்கவும் முடியாது.

வியாழக்கிழமை வா. காலை பஸ்ஸுக்கு இவர் ஸ்டாண்டில் நிற்பார். அவர் உன்னிடம் பேசமாட்டார், நீயும் பேசாதே. வீடு வீடாக உன்னைக் கூட்டிப் போவார். ஒவ்வொரு வீட்டிலும் நின்று உன் வாயால் சொல். அடிக்க வந்தால் வாங்கிக்கொள். சொல்லி முடித்ததும், எந்த நாள் ஸ்கேனுக்கு வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போ.

முதலில் வீரசின்னு வீடு. அவள் இல்லை. சுருளிவேல் இருக்கிறார். வழுக்கிவிட்ட பாத்ரூம் தரையை அன்றைக்கே கழுவி வைக்காமல் போனேனே, என்னால்தான் செத்தாள் என்று தினமும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் சொல்.

முத்துப்பேச்சி